மேசன் வென்ற சனிக்கிழமை

கொழும்பில், அண்ணாவின் வெள்ளவத்தை வீட்டில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. கிழமை நாட்களில் அதில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கணக்கெல்லாம் அழிந்து ரெஸ்லிங் ஏறிவிடும். டிவியில் வருகிற அதே ரெஸ்லிங்தான், கட்டைக் காற்சட்டை போட்ட ஆம்பிளைகள் ஒருவரை ஒருவர் தூக்கி எறிகிறது. ஐம்பது வயதைத் தொட்ட இரண்டு பேரும், அவர்களைவிட நாலு வயது குறைந்த நானும், முப்பது வருஷத்துக்கு முந்திய சண்டைகளுக்காக அந்தப் பலகைக்கு முன்னால் இருந்து சண்டை பிடிப்போம். வெட்கமாக இல்லையா என்று அண்ணி கேட்பார். கேட்டுவிட்டுத் தெகிவளையில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். எங்கள் கத்தலைக் கேட்க ஏலாது அவருக்கு.

மற்ற ஆள் அண்ணாவின் சிநேகிதர். கொட்டாஞ்சேனையில் எங்களுக்குப் பக்கத்து ஒழுங்கையில் வளர்ந்தவர், இப்போது காலி வீதியில் பயணப்பைக் கடை வைத்திருக்கிறார். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவரை நானா என்பேன். வரும்போது ஒரு பை நிறையச் சீனி தூவிய கிம்புலா பனிஸ் கொண்டுவருவார். அதையும் அவரே தின்று முடிப்பார்.

சண்டை பொய் என்பது எங்களுக்கும் தெரியும், அதை யாரும் வந்து சொல்லித்தரத் தேவையில்லை. யார் வெல்வது, யார் தோற்பது, எவன் எவனுக்குத் துரோகம் செய்வது என்பதையெல்லாம் திரைக்குப் பின்னால் ஒருவன் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருப்பான். அந்த வேலைக்குப் பெயர் புக்கிங். நாங்கள் வாதாடுவது அந்த ஒருவனோடுதான். முகம் தெரியாத அந்த மனிசனை அண்ணா திட்டாத திட்டில்லை.

"முகமூடிக்காரனை ஏழு மாசம் தோக்க விடாம வச்சிருந்திட்டு ஒரு சின்னப் பெடியனிட்ட விழுத்தினது என்ன கணக்கு?" என்று அண்ணா தொடங்குவார்.

"பெரிய ஆள் உழாட்டி சின்ன ஆள் எப்பிடி மேல வாரது? செல்லுங்க பாப்பம்," என்பார் நானா.

"மேல வந்த பெடியனை அடுத்த மாசமே காணேல்லையே."

"அவன்ட முழங்கால் போய்த்து."

"முழங்கால் போனது உமக்கு ஆர் சொன்னது?"

"ஆர் செல்லணும்? நடக்கக்குள்ள தெரிஞ்சது தானே."

நான் இடையில் விழுந்து இரண்டு பேருக்கும் மூளை இல்லை என்பேன். முகமூடியைக் கழற்றிவிட்டுத்தான் தோற்க விட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. இப்படி ஒரு மணித்தியாலம் போகும். எங்கே சுற்றிப் போனாலும் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான். அண்ணா பேனையை எடுத்து இடது பக்கத்தில் மேசன் என்று எழுதுவார், வலது பக்கத்தில் துரை. நடுவில் ஒரு பெட்டி போட்டு, அதற்குள் கேள்விக்குறி.

மேசன், துரை என்பவை எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர்கள். மேசன் ஆட்களைச் சீமெந்து மூடை மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். துரை பட்டு அங்கியும் பிரம்புமாய் வந்து, சண்டைக்கு முதல் கதிரையைத் துடைக்கச் சொல்லுவான். அது ஒரு சின்னக் கம்பனி, எப்போதோ மூடியும் போய்விட்டது. பழைய நிகழ்ச்சிகளை மலிவாய் வாங்கி எங்கள் ஊர் டிவியில் சனிக்கிழமை பின்னேரங்களில் போட்டார்கள். ஒரு வருஷமாய் மேசன் துரையின் சம்பியன் பெல்ட்டைத் துரத்தினான். கடைசியில் ஒரு சனிக்கிழமை இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. அதில் மேசன் வென்றான். பிறகு கிரிக்கெட் வந்தது, மூன்று கிழமை ரெஸ்லிங் இல்லை. நாலாவது கிழமை பார்த்தால் பெல்ட் துரையின் இடுப்பில் கிடக்கிறது. அதைவிட, மேசனோடு சோடியாய்ச் சண்டை பிடித்த சிநேகிதன் இப்போது துரைக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

அந்த மூன்று கிழமைக்குள் என்ன நடந்தது? இதுதான் பெட்டி. வென்ற மனிசனிடமிருந்து டிவியில் காட்டாமலே பெல்ட்டைப் பறித்தது, உலகத்தில் இதுவரை நடந்த புக்கிங்குகளில் ஆகக் கேவலமானது என்பது அண்ணாவின் முடிவு. மேசனுக்குக் காயம் என்று நானா சொல்வார். காயம் என்றால் சிநேகிதன் ஏன் மாறினான்? அதற்கும் அண்ணா ஒரு காரணம் கட்டி வைத்திருந்தார். அந்தச் சனிக்கிழமை துரைக்குக் கதிரையால் அடித்து மேசனை வெல்ல வைத்ததே சிநேகிதன்தான், வென்ற பிறகு மேசன் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை, அந்தக் கோபம். உண்மையிலேயே நல்ல கதை அது. கேட்கும்போதெல்லாம் நான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஏனென்றால் மேசன் வெல்லவில்லை. அந்தச் சனிக்கிழமைச் சண்டையை எங்கள் மூன்று பேரில் பார்த்தது நான் ஒருத்திதான். மேசன் வென்றான் என்று சொன்னதும் நான்தான். முப்பது வருஷமாய் அண்ணா திட்டிக்கொண்டிருக்கும் அந்த முகம் தெரியாத ஆள், அவருக்கு முன்னால் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த வருஷம் ஒரு திங்கட்கிழமை காலை நானாவிடமிருந்து போனில் குரல் செய்தி வந்தது. "தங்கச்சி, கெடச்சிட்டு. வெளிநாட்டில எவனோ பழைய கசெட் எல்லாம் இன்டர்நெட்டில போட்டிருக்கான். அந்தச் சனிக்கிழமையும் ஈக்கி. ஞாயித்துக்கிழம மூணு மணிக்கு மூணு பேரும் ஒண்டா இருந்து பாப்பம். அதுக்கு முந்தி ஒருத்தரும் பாக்கப்படாது, சரியா."

அண்ணாவுக்கும் அனுப்பியிருந்தார். அண்ணா பதிலுக்குப் பெட்டியின் படத்தை அனுப்பினார், கேள்விக்குறிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கேள்விக்குறி போட்டு.

எனக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், சுங்கத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஒஃபிஸில் வேலை. அன்று இரண்டு கொண்டெய்னர் இலக்கங்களை மாற்றி எழுதினேன். செவ்வாயும் அதே பிழை. புதன் மத்தியானம் படிக்கட்டில் போய் நின்றுகொண்டு, நானா அனுப்பிய வீடியோவைத் திறந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், அரைவாசி நம்பிக்கை இருந்தது எனக்கு. அவ்வளவு வருஷம் அவ்வளவு தடவை சொல்லி, மேசன் பெல்ட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தது என் கண்ணுக்குள்ளேயே இருந்தது. ஒருவேளை அதுதான் உண்மையோ, நான்தான் பிழையாய் நினைத்துக்கொண்டிருக்கிறேனோ? பதினொரு நிமிஷம் பார்த்தேன். மேசன் தோற்றான். பார்த்து முடிய, வீடியோவைப் பற்றி முறையிடுகிற பொத்தானை அமத்தினேன். என்ன காரணம் என்று ஒரு பட்டியல் வந்தது. என் காரணம் அதில் இல்லை.

வியாழக்கிழமை சொல்லிவிடுவோம் என்று அண்ணாவுக்குக் கோல் எடுத்தேன். அவர் "என்ன?" என்றதும், கணவாய்க் கறிக்குப் புளி முதல் விடுவதா பிறகா என்று கேட்டு வைத்துவிட்டேன். என்னைப் போல ஒரு கோழை கொட்டாஞ்சேனையில் இல்லை. இருந்தால் உடம்பு தானாய் எழும்பும், நின்றால் நடக்கும், அப்படி ஒரு கிழமை. பக்கத்து வீட்டு அக்கா, உனக்கு என்ன வயிற்றுப்போக்கா என்று கேட்டார்.

மேசன் தோற்றதற்காக ஒரு மனிசி இந்தப் பாடு பட மாட்டாள். அந்தச் சனிக்கிழமை எப்படி வந்தது என்று சொன்னால்தான் விளங்கும்.

அப்போது எனக்குப் பதினைந்து வயது, அண்ணாவுக்குப் பத்தொன்பது. அப்பாவுக்குக் கப்பலில் வேலை, வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய, பூசைக்குப் போக முதல், எங்கள் ஒழுங்கையைப் பொலிசும் ஆமியும் சுற்றி வளைத்தார்கள். அந்த யுத்த காலத்தில் அது வழக்கம்தான். அடையாள அட்டையைப் பார்த்து அண்ணாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அம்மா முதல் பிள்ளைக்குத் தாய் வீட்டுக்குப் போய்ப் பெற்றதால் வந்த வினை. நான் பிறந்தது கொழும்பில். கூடப் போன பெடியன்கள் இரண்டு நாளில் வந்துவிட்டார்கள். அண்ணாவை விடவில்லை.

அம்மா அன்றைக்கே கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார். "அவன் வந்து என்ர கையால சாப்பிட்ட பிறகுதான் நான் சோறு தொடுவன்," என்றார் என்னிடம். "நீ ஒருத்தருக்கும் வாய் திறக்காத. நேர்த்தி வெளியில போனாப் பலிக்காது." பிளேன்ரீ மட்டும் குடித்தார். ஒவ்வொரு நாளும் சோறு சமைத்து, பார்சல் கட்டி, பொலிஸ் வாசலில் போய் நின்றார். சில நாள் பார்சலை உள்ளே எடுத்தார்கள், சில நாள் இல்லை. திரும்பி வந்த பார்சலை நான் சாப்பிட்டேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் இருப்பார்.

சனிக்கிழமை என்னை வெள்ளவத்தையில் சித்தி வீட்டுக்கு அனுப்பினார், திரும்பவும் சுற்றி வளைத்தாலும் என்ற பயத்தில். மின்வெட்டுக் காலம் அது, பகுதி பகுதியாய்க் கரண்ட் போகும். அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனையில் கரண்ட் இல்லை, வெள்ளவத்தையில் இருந்தது. அதனால்தான் ஒழுங்கைப் பிள்ளைகள் ஒருவரும் பார்க்காத சண்டையை நான் பார்த்தேன். கடைசி நேரத்தில் மேசனின் சிநேகிதன் கதிரையோடு ஓடி வந்தான். துரைக்கு அடிப்பான் என்று நினைத்தால் மேசனின் முதுகில் போட்டான். நான் சித்தியின் குஷனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். மேசனுக்காகத்தான் அழுதேன் என்று அப்போது நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணாவை விட்டார்கள். ஒன்பது நாளில் ஆள் பாதியாய்ப் போயிருந்தார். காலில் இரண்டு வேறு செருப்பு. கோயில் ஃபாதரும் அம்மாவும் உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டு நின்றார்கள். அண்ணா வெளியே எனக்குப் பக்கத்தில் மதிலோடு சாய்ந்து நின்று, யாரையும் பார்க்காமல், முதல் கேட்டது இதுதான்.

"மேசன் வெண்டவனே?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. "ஓம் அண்ணா, வெண்டுட்டான்," என்றேன். "சிநேகிதன் கதிரையோட வந்தவன். துரைக்கு அடிச்சான்." அண்ணா சிரித்தார். உதடு வெடித்திருந்ததால் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு இரண்டாவதைக் கேட்டார்.

"அம்மா சாப்பிட்டவவே?"

"ஓம். நேரத்துக்குச் சாப்பிட்டவ."

வாய் திறக்காதே என்று அம்மா சொன்னதால் அப்படிச் சொன்னேன் என்று பிறகு எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டேன். அது மட்டும் இல்லை. ஒரு பொய் சொன்ன சூட்டில் மற்றதும் இலேசாய் வந்துவிட்டது.

ஓட்டோவில் வீட்டுக்கு வந்ததும் அம்மா அவருக்குப் பிடித்த மீன் குழம்பும் சோறும் போட்டுக் கொண்டுவந்தார். அண்ணா தட்டைப் பார்த்தார். "உள்ளுக்குக் காலமை பாண் தந்தவங்கள் அம்மா. பசிக்கேல்ல. நித்திரைதான் வருது," என்றார். அம்மா வற்புறுத்தவில்லை, வற்புறுத்தினால் நேர்த்தி வெளியில் வந்துவிடும். அண்ணா போய்ப் படுத்தார். அம்மா தட்டை இன்னொரு தட்டால் மூடி வைத்து, அதற்கு முன்னால் இருந்தார். பின்னேரம் வரைக்கும் இருந்தார், விளக்கு வைத்த பிறகும் இருந்தார். எழுப்பட்டா என்று ஒரு தடவை கேட்டேன். "வேண்டாம், பிள்ளை படுக்கட்டும்," என்றார். இரண்டாம் தடவை நான் கேட்கவில்லை. எழுப்பினால், அம்மா சாப்பிட்டவ என்று நான் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். அதைத்தான் யோசித்துக்கொண்டு நின்றேன். அண்ணா எழும்பி அந்த மூடிய தட்டைக் கண்டது அடுத்த நாள் காலையில்.

அந்தப் பொய் அதோடு முடியவில்லை. அண்ணா அதை வைத்து ஓர் அம்மாவைக் கட்டிக்கொண்டார். "எங்கட அம்மா நெஞ்சில அடிச்சுக்கொண்டு பட்டினி கிடக்கிற ஆளில்லை. நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு வந்து பொலிஸ் வாசலில நிண்டவ. அவ்வளவு உறுதி," என்று தன் பிள்ளைகளுக்குச் சொல்வார். அம்மா போய் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சாப்பிட இருக்கும்போது, வந்த எல்லோருக்கும் எழும்பி நின்று சொன்னார். நான் அந்த நேரம் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அம்மாவும் உயிரோடு இருந்தவரை மறுத்துச் சொல்லவில்லை, அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு இருப்பார்.

ஆகவே பெல்ட் போனால் போகட்டும். நான் பயந்தது இதற்குத்தான். அந்த மதிலடியில் ஒரே மூச்சில் சொன்ன இரண்டில் ஒன்று பொய் என்று தெரிந்தால், கணக்குப் படிப்பிக்கிற மனிசன் மற்றதையும் எடுத்துப் பார்க்க மாட்டாரா? அம்மா இல்லை. அண்ணாவிடம் மிச்சம் இருப்பது அந்த அம்மாதான்.

ஞாயிறு வந்தது. காலையில் பூசைக்குப் போனேன், ஒரு வசனம் காதில் ஏறவில்லை. மத்தியானம் சோற்றைப் போட்டுப் பிசைந்துவிட்டுக் காகத்துக்கு வைத்தேன். மட்டக்குளி பஸ்ஸில் புறக்கோட்டைக்கு வந்து, அங்கிருந்து காலி வீதி பஸ் எடுத்தேன். கொள்ளுப்பிட்டி வந்ததும் எழும்பி வாசலுக்குப் போனேன். "அக்கே, பஹினவத?" இறங்கப்போகிறேனா என்று கொண்டக்டர் சிங்களத்தில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டேன். இறங்கி, திரும்பிப் போகிற பஸ் பக்கம் தெருவைக் கடந்து, மூன்று பஸ்ஸைப் போக விட்டு, திரும்பவும் இந்தப் பக்கம் வந்தேன். வெயிலில் மூளை உருகுகிற மாதிரி இருந்தது. கடைசியில் வெள்ளவத்தைக்குப் போகிற பஸ் ஒன்றில் ஏறியது என் கால்தான், எனக்கு அதில் பங்கில்லை.

அண்ணா கதவைத் திறந்தார். "சாப்பிட்டியா?"

"ஓம் அண்ணா, சாப்பிட்டுத்தான் வந்தனான்."

நானா டிவியில் போனைக் கொழுவிக்கொண்டிருந்தார். பலகையில் பெட்டி பெரிதாய்ப் போட்டிருந்தது. அண்ணா பேனையும் கையுமாய் இருந்தார், பரீட்சை மண்டபத்துக்கு வந்த பிள்ளை மாதிரி. நான் யன்னலோடு நின்றேன். இருக்கச் சொன்னார்கள், இருந்தேன், திரும்பவும் எழும்பினேன்.

"என்ன தங்கச்சி, நுளம்பு கடிக்கிதா?" என்றார் நானா.

சண்டை தொடங்கியது. மேசன் இவ்வளவு ஒல்லியாகவா இருந்தான் என்று நானா கேட்டார். எட்டாவது நிமிஷத்தில் சிநேகிதன் கதிரையோடு ஓடி வந்தான். அண்ணா கதிரை நுனிக்கு வந்தார்.

"இப்பப் பாரும். மேசனுக்கு ஓங்கிற மாதிரி ஓங்குவான். பிறகு அப்பிடியே திரும்பித் துரைக்குப் போடுவான்," என்றார். வரிக்கு வரி நான் சொன்னது. எனக்கு மறந்துபோன சொல்லெல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது.

கதிரை மேசனின் முதுகில் விழுந்தது. துரை மேலே விழுந்து அமத்தினான். நடுவர் மூன்று தடவை தரையில் தட்டினார். நானா கையில் இருந்த பனிஸை மேசையில் வைத்தார்.

"திரும்பப் போடும்," என்றார் அண்ணா.

திரும்பப் போட்டார். திரும்பவும் விழுந்தது.

நானா என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்க தானே பாத்த."

"ஓம்."

"அப்ப?"

"நான் பொய் சொன்னனான், நானா."

அண்ணா கையில் இருந்த பேனையை மூடினார். பிறகு நானா சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வர, பலகையைக் கையால் காட்டிக் காட்டிச் சிரித்தார். "முப்பது வருஷம், முப்பது வருஷம் ஒரு பொம்புளப் புள்ளட புக்கிங்குக்கு நாம அடிபட்டிருக்கோம்." அண்ணாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார்.

"ஆனா உன்ர முடிவுதான் நல்லம். அவங்கள் செய்ததைவிட நல்லம்," என்றார் என்னிடம். "ஏன்டி சொன்னனி?"

"பொலிஸ் வாசலில நிண்டு கேட்டனீங்கள். உங்கட முகத்தைப் பாத்து இல்லை எண்டு சொல்லேலாமப் போச்சு."

அண்ணாவின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. அந்த நேரம் பாங்கு சொன்னது. தொழுதுவிட்டு வருகிறேன், நான் வரும்வரைக்கும் பலகையை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானா படியிறங்கிப் போனார்.

அண்ணா எழும்பிப் பலகைக்கு முன்னால் போய் நின்றார். பெட்டியைப் பார்த்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கடற்கரைப் பக்கம் ரயில் போனது. அது போய் முடியும்வரைக்கும் அவர் திரும்பவில்லை.

"அண்டைக்கு நான் ரெண்டு கேள்வி கேட்டனான்," என்றார்.

ஒரு கிழமையாய் ஓரிடத்தில் நிற்காத உடம்பு அசையாமல் நின்றது. இன்னொரு 'ஓம்' சொல்லலாம். சொன்னால் நம்பக்கூடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் கேட்டதே அதற்கு இடம் தருவதற்காகத்தான் என்று எனக்குப் பட்டது.

அண்ணா திரும்பினார். "நீ மத்தியானம் சாப்பிட்டியா?"

"இல்லை," என்றேன்.

"முகத்தைப் பாக்கவே தெரிஞ்சது." குசினிக்குள் போனார். அண்ணி மூடி வைத்திருந்த சோற்றையும் பருப்பையும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு வந்தார். மேசையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"அம்மா சாப்பிடேல்லை, என்ன?"

"நேர்த்தி அண்ணா. அந்தோனியாருக்கு. நீங்க வந்து சாப்பிட்ட பிறகுதான் சோறு தொடுவன் எண்டவ. ஒருத்தருக்கும் சொல்லாத எண்டவ."

"ஒன்பது நாளும்?"

தலையை ஆட்டியிருந்தால் அதோடு போயிருக்கும். ஒன்பது என்பதே பெரிய எண்தானே.

"பத்து," என்றேன்.

அண்ணாவுக்கு அதற்குப் பலகை தேவைப்படவில்லை. கண்ணால் ஒரு தடவை கூட்டினார். மதிலடி, ஓட்டோ, மீன் குழம்பு, மூடி வைத்த தட்டு, எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாய் வந்து போனதைப் பார்த்தேன்.

"நான் படுத்திட்டன்," என்றார்.

"நான் எழுப்பேல்லை."

அண்ணா தட்டை என் பக்கம் தள்ளினார். எனக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "சாப்பிடு," என்றார். நானா திரும்பி வந்து கதவைத் தட்டினார், அண்ணா எழும்பவில்லை. நான் கடைசிப் பருக்கையை எடுக்கும்வரைக்கும் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார்.